பாட்டுப் பெட்டிக்குச் சுறா எண்ணெய்

என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காசிமேட்டு வீட்டை விட்டு, திருவொற்றியூரில் மாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். இரண்டு அறை, குழாயில் தண்ணீர். சன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, ரயில்தான் தெரியும். உங்களுக்குப் பிடித்திருக்குமா? நிச்சயமாகத் திட்டியிருப்பீர்கள்.

உங்கள் கிராமபோன் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அத்தை கூடையில் மீன் கொண்டுபோய்க் கொடுத்துவந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரம்மா, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. கிடைத்தது அத்தைக்கு, சொந்தம் கொண்டாடியது நீங்கள். இடுப்பு உயரத் தேக்குப் பெட்டி; வந்த புதிதில் முகம் பார்க்கலாமாம். உப்புக்காற்றில் அந்தப் பளபளப்பு உரிய ஆரம்பித்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? மரம் என்றாலே படகு என்று நினைக்கிற ஆளாயிற்றே! மழைக்கு முன்னால் படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயில் கொஞ்சம் மிச்சம் வைத்து, பெட்டிக்கும் பூசினீர்கள். வருஷா வருஷம் பூசினீர்கள்.

நான் மருமகளாக வந்தபோது பெட்டி கறுத்துப்போய், கை வைத்தால் ஒட்டியது. தெருப் பூனைகள் அதைச் சுற்றிப் படுத்திருக்கும். "பாட்டுப் பொட்டியா இது, கருவாட்டுப் பொட்டியா?" என்று அத்தை மூக்கைப் பொத்திக்கொள்வார். நீங்கள் காதில் வாங்காமல் சாவியைத் திருகி இசைத்தட்டைப் போடுவீர்கள்.

வீடு மாறும்போதுதான் வம்பு வந்தது. அடைத்த அறையில் இந்த நாற்றத்தோடு குடியிருக்க முடியாது, மூர் மார்க்கெட் பழைய சாமான் கடையில் தள்ளிவிடலாம் என்றார் உங்கள் பிள்ளை. அவரையும் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்கத் துறைமுகத்தில் கரியும் தூசும். வீட்டிலாவது நல்ல மூச்சு விட நினைக்கிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாற்றம் போனால் பெட்டி வரலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாலிஷ் மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, இது மரமா மீனா என்று கேட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பூசிய முதல் பாலிஷ் ஒட்டவே இல்லை. ஊறியிருந்த எண்ணெய் மேலே கசிந்து, திட்டுத் திட்டாக வெளுத்துப்போனது. அதையெல்லாம் வழித்தெடுத்து, சோடாக் காரம் கரைத்த வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தோம். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அது உங்கள் கையால் பூசிய எண்ணெய் மாமா.

நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தில் தொட்டு மேஸ்திரி தேய்க்கத் தேய்க்க, தேக்கின் வரிகள் தேன் நிறத்தில் எழும்பி வந்தன. இவ்வளவு அழகை எண்ணெய்க்கு அடியில் மறைத்து வைத்திருந்தீர்களே என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

பெட்டி புது வீட்டுக்கு வந்தது. உங்கள் பிள்ளைக்குத் திருப்தி. அத்தை மட்டும் அதன் பக்கத்தில் போய், குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார். ஒரு பாட்டு போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

போன வாரம் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், குப்பென்று அடித்தது. அத்தை தரையில் உட்கார்ந்து, காசிமேட்டுக்குப் போய் வாங்கிவந்த சுறா எண்ணெயை அந்தப் புதுப் பாலிஷின் மேல் பூசிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமா அழுகையா என்றே தெரியவில்லை. அவர் வந்தால் பெட்டியைத் தூக்கிக் கடாசிவிடுவாரே அத்தை என்றேன். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மள வரப் போவுது. பூசாம வுட்டா அந்த மனுசனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சன்னலைத் திறந்தேன், ஊதுவத்தி கொளுத்தினேன். ஒன்றும் எடுபடவில்லை. அதற்குள் படியில் உங்கள் பிள்ளையின் செருப்புச் சத்தம். பெட்டி இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்:

"நைனா துன்னுட்டாரா?"

நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா என்று பழைய வீட்டில் வேலை முடிந்து வந்ததும் தினமும் கேட்கிற கேள்வி. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆணியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எங்கள் மூன்று பேருக்கும் நீங்கள் செத்துப்போனது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது மாமா. பிறகு உங்கள் பிள்ளை அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துணியை வாங்கி, அவர் கைக்கு எட்டாத பின்பக்கத்தைப் பூச ஆரம்பித்தார்.

பாலிஷ் மேஸ்திரி இந்தப் பக்கம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இனி வருஷா வருஷம் மழைக்கு முன்னால் எண்ணெய் வாங்கிவருவது என் பொறுப்பு. புது வீடு எங்கே என்று நீங்கள் தேடித் தவிக்க வேண்டாம் மாமா. வாசம் பிடித்தே வந்துவிடலாம்.

உங்கள் வீட்டில் விளக்கேற்ற வந்த,
மருமகள் செல்வி