என் கைக்கு உரிமை கேட்டவனுக்கு

பெரிய காஞ்சிபுரம்,
ஆடி மூன்றாம் வெள்ளி

தேவேந்திரனுக்குக் காவேரி எழுதுவது.

நான் நலம். உன் நலத்தை விசாரிக்க மனம் வரவில்லை. உன்னைக் கட்டிய பாவத்துக்குக் கொடுத்த மரியாதையெல்லாம் ஓசூர் வீட்டை விட்டு வந்ததோடு முடிந்தது.

பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது எப்படி என்று நான் போட்ட வீடியோக்களை உன்னுடையவை என்று புகார் செய்திருக்கிறாய். மூன்று புகார் சேர்ந்ததும் தளத்துக்காரர்கள் என் சேனலையே மூடிவிட்டார்கள். யாருடையது என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பு வார் அறுந்தால்கூட முடிச்சுப் போடத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டவன் நீ.

முகத்தை நான் எதிலும் காட்டவில்லை, கை மட்டும்தான். இடது மணிக்கட்டின் கோணலைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாய். உடைத்தவனுக்குத் தெரியாதா? அந்த வீடியோக்களில் உன் படைப்பு என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் கோணல்தான்.

சேனலைப் பார்த்துத்தான் குஞ்சம் கட்ட எனக்குச் சேலைகள் வந்தன. இப்போது ஒன்றும் வருவதில்லை. தென்னேரியில் அதைப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்ட சுகாசினி, வீடியோ எங்கே போனது என்று தினமும் கேட்கிறாள்.

மறுப்பு அனுப்பினால் சேனல் திரும்பக் கிடைக்குமாம். ஆனால் அதில் என் வீட்டு முகவரியை எழுத வேண்டும். அதை அப்படியே புகார் கொடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்களாம். அப்போதுதான் புரிந்தது. உனக்கு வேண்டியது வீடியோ இல்லை, என் வாசல். வீட்டுக்காரம்மா மரியம்மாள், “எழுதாதம்மா, அவன் கதவாண்ட வந்து நின்னுக்கினு இருப்பான். சேனல் போனா போவுது, உசுரு இருக்குதே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பயமாகத்தான் இருக்கிறது. தெருவில் உன் பைக் போலச் சத்தம் கேட்டாலே இன்னும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். ஆனாலும் மறுப்பை அனுப்பிவிட்டேன். ஒளிந்துகொண்டே எத்தனை நாள் பிழைப்பது? என் முகவரியை அவர்கள் உனக்குத் தருவதற்கு முன் நானே தருகிறேன். உறையின் பின்னால் பார். மகளிர் காவல் நிலையத்தில் இந்தக் கடிதத்தின் நகலையும் என் கை எக்ஸ்ரேயையும் கொடுத்திருக்கிறேன்.

வீடியோ உன்னுடையதுதான் என்றால் இனி நீ கோர்ட்டுக்குப் போக வேண்டும். போ. நானும் வருகிறேன். நீதிபதி முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு குஞ்சம் கட்டிக் காட்டு.

காமாட்சி உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். நன்றாக இரு. அங்கேயே இரு.

காவேரி