பாலத்துக்கு வந்த பூசணிக்காய்

ஒதியம்பட்டு
8-7-1936

புதுச்சேரியில் இருக்கும் அண்ணன் சிங்காரவேலுவுக்குத் தங்கை ஆதிலட்சுமி எழுதுவது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு வயிறு எரிகிறது.

நீ காண்டிராக்ட் எடுத்த வாய்க்கால் பாலத்தின் வளைவு இன்னும் காயவில்லை என்று அதைக் கட்டிய மேஸ்திரி, என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, மூன்று முறை சொல்லி அனுப்பினார். வளைவு மூடிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதில் நான்கு நாள் மழை. சுண்ணாம்பை நகத்தால் கீறினால் மாவாக வருகிறது. அதற்கு நீ என்ன அனுப்பினாய்? ஒரு பூசணிக்காயும் திருஷ்டி பொம்மையும்! உன் கங்காணி செல்லக்கண்ணு அதைப் பாலத்தடியில் உடைத்து, கண்ணு கழிஞ்சிடிச்சி, இனிமே ஒண்ணும் ஆவாது என்று சொல்லிவிட்டுப் போனான். ஆட்களும் நம்பிவிட்டார்கள். மழையில் ஊறிய சுண்ணாம்பு யார் கண் பட்டு இளகியது, நீயே சொல்.

உனக்குப் பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பதினாலாம் தேதி பிரெஞ்சு சர்க்கார் விழாவுக்கு வரும் இஞ்சினீர் துரை பாலத்தின்மேல் நடக்காவிட்டால் அடுத்த வேலை கைநழுவிப் போகும். அதுதான் உன் பயம்.

வளைவைத் தாங்கும் சாரத்தைப் பிரிக்கும்போது, கட்டு உறுதி என்று காட்ட, கட்டிய மேஸ்திரியே வளைவின் அடியில் நிற்கும் வழக்கம் உனக்குத் தெரியாததா? அப்பா நின்றார். கொத்தனார் கரண்டி பிடித்த காலத்தில் நீயும் நின்றாய். ஆனால் ஒரு மாதம் போகாமல் அப்பா யாரையும் சாரத்தில் கைவைக்க விட்டதில்லை. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாய். வெள்ளிக்கிழமையே பிரிக்கச் சொல்லியிருக்கிறாயாம். நிற்காதீர்கள் என்று இவரிடம் அழுதேன். நான் நிக்கலன்னா ஆளுங்க எவன் சாரத்தத் தொடுவான், உங்க அண்ணன் பேருதான் கெட்டுப்பூடும் என்கிறார். உன் பேரைக் காப்பாற்ற நிற்கிறாராம்! கேட்டு வந்த ஆத்திரத்தில் உலையிலிருந்த சோற்றைக் கரியவிட்டேன்.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. நாளைக் காலையில் டவுனுக்குக் காய்கறி கொண்டுவரும் பவுனம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு வேலையை நிறுத்து. முடியாதென்றால் வெள்ளிக்கிழமை நீயும் வந்து அவர் பக்கத்தில் நில்.

கல்யாணமான நாள்முதல் பொங்கல் சீர் ஒரு வருஷமும் நீ தவறவிட்டதில்லை. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தாலியறுத்தவளுக்கு அண்ணன் கொண்டுவரும் கோடிச் சேலையை மட்டும் உன் கையிலிருந்து வாங்கமாட்டேன்.

சாரம் இருக்கட்டும், அண்ணா. நீயும் நன்றாக இரு.

உன் தங்கை
ஆதிலட்சுமி