ஐம்பத்து மூன்று வயது நான்கு மாதம்

நாள் 212. காலை 08:10

நிலையம்: என்செலடஸ், சனிக்கோளின் நிலவு. பொறுப்பு: பேச்சியம்மாள் ஆறுமுகம், உயிர்வேதியியல். ஆட்கள்: ஒருவர்.

வெளியே மைனஸ் 198 டிகிரி. உள்ளே 21. பனியில் துளையிட்ட ஆழம் 3,140 மீட்டர். அடியில் இருக்கும் கடலைத் தொட இன்னும் 260 மீட்டர். உடல்நிலை நன்று. காலையில் பொட்டல உப்புமா.

உச்ச நாளுக்கு இன்னும் 61 நாள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு அந்தச் சொல் புரியாமல் போகலாம். எங்கள் காலத்தில் பதினெட்டு வயதானதும் எல்லோருக்கும் மூளையை ஸ்கேன் செய்து ஒரு சீட்டு தருவார்கள். ஒருவருடைய திறமை எந்த வயதில் முழுதாகத் திரளும் என்று ஆண்டும் மாதமுமாக அதில் இருக்கும். என் சீட்டில் 53 வயது 4 மாதம். நான் அந்த வயதைத் தொடும் வாரத்தில் இந்தக் கடலின் நீர் என் மேசைக்கு வரவேண்டும் என்று கணித்து, ஏழு ஆண்டுக்கு முன் என்னை அனுப்பினார்கள்.

நாள் 219. மாலை 17:40

வாராந்திரக் குடும்ப நேரம், நான்கு நிமிடம். என் குரல் பூமிக்குப் போகவே எண்பது நிமிடம் ஆகிறது. அதனால் இது பேச்சு இல்லை, கடிதம் மாதிரி. தம்பி உலகநாதன் அனுப்பியது:

"யக்கா, சாப்டியா? இங்க நல்ல மழை. கடைக்குள்ள தண்ணி வந்துட்டு. பம்ப்செட்டு மோட்டார் நாலு காயில் கட்டக் கெடக்கு. நீ ஒடம்பப் பாத்துக்கோ. வேற என்ன. நேரம் முடிஞ்சிருச்சா தெரியல."

உலகுவின் சீட்டில் 19 வயது 2 மாதம். அந்த மாதத்தில் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர அவனுக்கு அழைப்பு வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்கு அப்போது 23. "அவளுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கு, படிக்கட்டும்" என்று சொல்லி அப்பாவோடு அவன்தான் இருந்தான். திரும்பி வந்தபோது அவன் மாதம் தாண்டியிருந்தது. பிறகு யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும், அதாவது உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றும், கடை வைத்திருக்கிறான். வயது 49.

நாள் 226. மதியம் 14:05

வெப்பப் பம்பு நின்றது. நிலையத்தின் அணு உலைச் சூட்டை அறைக்குள் கொண்டுவருவது அதுதான். மின்சாரம் ஏறி இறங்கி மோட்டார் எரிந்திருக்கிறது. மாற்று மோட்டார் பொருத்தினேன். இருபது நிமிடத்தில் அதுவும் எரிந்தது. கட்டுப்பாட்டுப் பலகையில்தான் பழுது என்று கண்டுபிடிப்பதற்குள் மூன்றாவதும் போனது. இப்போது மின்சாரம் சீர். மோட்டார் இல்லை.

மூன்றாவதைப் பொருத்தியிருக்கக் கூடாது. என் தவறு.

அறையைச் சூடாக்கும் அளவுக்கு உலையிலிருந்து மின்சாரம் வராது. பேட்டரி ஹீட்டர் பதினாறு நாள் தாங்கும். உள்ளே 6 டிகிரி.

நாள் 227. காலை 11:20

பூமியில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து, பணி அதிகாரி சஹானா:

"மேடம், மாற்று மோட்டார் போடறது மட்டும்தான் கையேட்டுல இருக்கு. எரிஞ்ச மோட்டாரைச் சரிபண்றது பத்தி இங்க யாருக்கும் தெரியல. எல்லாரும் உச்ச வயசுல இருக்கறவங்கதான், உக்காந்து யோசிக்கிறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பொறுத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். முப்பது வயதில் என் ஆய்வு தோற்றபோது, பரவாயில்லை, உனக்கு நேரம் இருக்கிறது என்றார்கள். நாற்பதில் ஒருவர் என்னை மணக்கக் கேட்டார். நேரம் இருக்கிறது என்று நானே சொன்னேன்.

நாள் 228. காலை 10:00

குடும்ப நேரம் வர ஐந்து நாள். என் தம்பியிடம் கேளுங்கள் என்று நேற்று இரவே சஹானாவுக்கு எழுதினேன். பதில்: "மேடம், இதுக்கு அனுமதி கேட்டா கிடைக்காது. என் சாப்பாட்டு இடைவேளைல நானே இணைச்சு விடறேன்."

நாள் 228. மாலை 16:30

உலகு:

"யக்கா, பயப்படாத. எரிஞ்ச கம்பிய வெட்டி எடுத்துட்டுப் புதுசா கட்டலாம். அதே தடிமன்ல நல்ல கம்பி வேணும். அங்க வேற பெரிய மோட்டார் எதாச்சும் ஓடுதா? பழச வெட்டும்போது ஒரு காயிலுக்கு எத்தன சுத்துன்னு எண்ணிக்கோ. அவசரப்படாத. எண்ணிட்டு வெட்டு."

ஓடுவது ஒன்றுதான். துளைப்பானைத் தூக்கி இறக்கும் மோட்டார். பம்புக்குப் பொருந்தாது, பெரிது. கம்பி பொருந்தும். ஆனால் அதைப் பிரித்தால் கடல் நீர் வராது.

நாள் 229. மதியம் 13:15

சஹானா: "மேடம், துளைப்பான் மோட்டாரைத் தொடவே கூடாதுன்னு இயக்குநர் சொல்லச் சொன்னார். உச்ச நாள் வரைக்கும் விண்வெளி உடையைப் போட்டுக்கிட்டுச் சமாளிக்க முடியுமான்னு கேக்கறாங்க."

முடியாது. அவர்களுக்கும் தெரியும். பதினாறாம் நாளுக்குப் பிறகு உடையின் சூடு நான்கு நாள் வரும். உச்ச நாள் 44 நாள் தள்ளி இருக்கிறது.

அதே கோப்பில் கடைசியில் உலகுவின் குரல், சில நொடி: "நீ மொதல்ல குளிராம இரு, யக்கா. மத்தத அவங்க பாத்துக்கிடட்டும்."

மதியம் 15:50. துளைப்பான் மோட்டாரைத் திறந்தேன்.

நாள் 234. மாலை 18:00

ஒரு காயிலுக்கு நாற்பத்தாறு சுற்று. காயில் உட்காரும் பள்ளம் இருபத்து நான்கு. விரல் மரத்துப் போகிறது. எண்ணிக்கை தப்பினால் பிரித்து மீண்டும். இன்று மூன்று காயில். ஒன்றை நான்கு முறை பிரித்தேன்.

என்னை யாரும் இவ்வளவு வேலை வாங்கியதில்லை.

நாள் 239. காலை 09:30

கட்டி முடித்தேன். உடைப்பு அடைக்கும் பிசினை, கம்பி மேல் பூசும் வார்னிஷுக்குப் பதிலாக ஊற்றி, விளக்குச் சூட்டில் இரண்டு நாள் காயவைத்தேன். மின்சாரம் கொடுத்தேன். உறுமுகிறது. சுற்றவில்லை. அணைத்தேன்.

அழுதேன். பதிவுக்காக எழுதுகிறேன். பத்து நிமிடம்.

உறுமலை இருபது நொடி பதிந்து சஹானா வழியாக உலகுவுக்கு அனுப்பினேன்.

நாள் 239. மதியம் 12:45

உலகு: "கேட்டேன் யக்கா. எரியல, நல்லாத்தான் கட்டிருக்க. ஒரு செட்டு தல மாறியிருக்கு. ஆரம்ப முனைய முடிவுல குடுத்திருப்ப. ரெண்டாவது செட்டுன்னு நெனைக்கேன். முனைய மாத்திக் குடு. எனக்கும் மொதோ மொதோ இதே தப்புதான் வந்துச்சு."

இரண்டாவது செட்டுதான்.

12:58. ஓடுகிறது.

நாள் 241. காலை 08:00

உள்ளே 18 டிகிரி. எட்டு மணி நேரம் தூங்கினேன். மையத்துக்கு முழு அறிக்கை அனுப்பினேன். மோட்டாரைச் சரிசெய்தவர் பெயர் என்ற இடத்தில் உலகநாதன் ஆறுமுகம், வயது 49 என்று எழுதினேன். திருத்தி அனுப்பச் சொல்லி வந்தது. சீட்டு வயது தாண்டியவர் பெயர் பணி அறிக்கையில் இடம்பெற விதி இல்லையாம்.

திருத்தவில்லை. உங்கள் கையில் இருப்பதிலும் அந்தப் பெயர்தான்.

நாள் 273. காலை 07:00

உச்ச நாள்.

ஏழு ஆண்டுக்கு முன் பதிந்து வைத்த வாழ்த்து தானாக ஒலித்தது. இயக்குநர், கைதட்டல். அந்தக் குரல் எதிர்பார்த்த நீர் இன்னும் பனிக்கடியில் இருக்கிறது.

என்னை நானே கவனித்துக்கொண்டிருந்தேன். மனம் தெளிவாக இருக்கிறதா, எண்கள் வேகமாக வருகின்றனவா என்று. முழங்கால் வலித்தது. பம்பின் வடிகட்டியைக் கழுவினேன். மாலை வரை காத்திருந்தேன். வேறொன்றும் வரவில்லை.

நாள் 281. மதியம் 12:10

எழுத்துச் செய்தி, பெயர் இல்லாத கணக்கிலிருந்து: "உச்சக் காலம் பயனின்றி முடிந்ததால் நிலையத் தொடர்பு 90 நாளுக்கு ஒருமுறை என மாற்றப்படுகிறது. குடும்ப நேரம் ரத்து. மீட்புக் கப்பல் பரிசீலனையில். பணி அதிகாரி மாற்றப்பட்டுள்ளார்."

கூடவே, அவசரமாகச் சேர்த்தது போல, சஹானா: "மேடம், உங்க தம்பி தினமும் மையத்து வாசலுக்கு வரார். உள்ள விடல. வந்துக்கிட்டேதான் இருக்கார். மன்னிச்சுக்கங்க."

கோவில்பட்டியிலிருந்து மையம் அறுநூறு கிலோமீட்டர். கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருப்பான்.

நாள் 296

சத்தமாகப் பேசிப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல. உலகு, சாப்பிட்டாயா என்றேன். எண்பது நிமிடம் பார்த்தேன். இன்னும் எண்பது.

நாள் 300. காலை

மோட்டாரின் சத்தம் மாறியிருக்கிறது. மெல்லிய கீச்சொலி. பேரிங்கா, காயிலா. தெரியவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். இருபது நொடி பதிந்து வைத்திருக்கிறேன். அடுத்த தொடர்புக்கு ஆன்டெனா திறக்க 71 நாள்.

கம்பி இன்னும் ஆறு காயிலுக்கு வரும். பிசின் இல்லை.

10:40. உள்ளே 17.

11:15. 15. கீச்சொலி நின்றுவிட்டது. நின்றது நல்லதா என்று தெரியவில்லை.

11:22. பிசின் கருகும் வாடை. கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுது