இசபெல்லாள் சொல்லவேண்டிய ஓம்

இஞ்சாருங்கோ,

எங்கள் பெண்கள் புருசனை இப்படித்தான் கூப்பிடுவார்கள். உங்களை அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இல்லையாம். கூப்பிடுகிறேன், ஆர் மறிக்கிறது பார்ப்போம். நீங்கள் உயிரோடு இருந்தபோது "அருளப்பு அண்ணை" என்று சொல்லியே காலத்தைக் கடத்தினேன். என் கூடப்பிறந்த அண்ணையின் கடையில் நாலு பேர் நிற்பார்களே! நீங்கள் பால்மாப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, "உம்மட வாயால இன்னும் எத்தினை நாளைக்கு நான் அண்ணை?" என்று மெல்லக் கேட்பீர்கள். நான் காசுப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு சிரிப்பேன்.

நீங்கள் இல்லாமலும் எங்கள் கடைத்தெரு லா சப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மெத்ரோப் பாலத்துக்குக் கீழே அதே சனம், அதே மழை. ஒபர்வில்லியே களஞ்சியத்திலிருந்து சாமான் கொண்டுவர இப்போது வேறொருவர் வருகிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் என் அண்ணை என்னைத் தன் வான் வண்டியில் கொண்டுவந்து கடையில் இறக்குகிறார், மாலையில் ஏற்றிக்கொண்டு கூசேன்வில் வீட்டுக்குப் போகிறார். நாற்பது தாண்டிய குமருக்கு இவ்வளவு காவல். இங்கே என்ன பொக்கிசம் இருக்கிறது, களவுபோக?

கூத்துக்கு மட்டும் விட்டார். கோயில் அலுவல் என்றபடியால் மறுக்க முடியவில்லை. எங்களுக்குப் பழக்குகிற அண்ணாவியார் தானே பாட்டுக் கட்டின கூத்து, பிராஞ்சு தேசத்துப் பழைய காலத்துக் கதை. யுத்தத்தில் ஈட்டி பட்ட வீரன் அந்திரேசு, பிரபுவின் கோட்டை வாசலில் வந்து விழுகிறான். பிரபு தன் தங்கை இசபெல்லாளைக் கோபுரத்தில் காவல் வைத்திருக்கிறான். அவள் ஒளித்து இறங்கிவந்து அவன் காயத்துக்கு மருந்து கட்டுகிறாள். இதை அண்ணாவியார் சொல்லி முடிக்க முன்னமே நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். எனக்கு வந்த கோபம்! அண்ணாவியார் கண்டிருந்தால்?

எனக்கு இசபெல்லாளைத் தந்தார். உங்களுக்கு அந்திரேசுவைத் தந்தது குரலுக்காக இல்லை, நொண்டலுக்காக. ஊர்ச் சண்டையில் பட்ட செல் குண்டுத் துண்டு இடுப்பில் கிடந்ததே, அதுக்காக. "இவர் நடிக்கத் தேவையில்லை, நடந்தால் காணும்" என்றார் அண்ணாவியார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்த இரும்பு உள்ளே இருந்து என்ன செய்துகொண்டிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் காட்சி நினைவிருக்கிறதா? அந்திரேசு ஒரு முழங்காலில் நின்று கேட்பான்:

"காயம்பட்ட இந்தக் காயத்தை ஏற்பீரோ கன்னிகையே?"

முதல் காயம் புண், இரண்டாவது காயம் உடம்பு என்று அண்ணாவியார் விளக்கினார். பின்பாட்டுக்காரர் அந்த அடியை எடுத்துப் பாடவேண்டும். இசபெல்லாள் "ஆம் வீரரே" என்று சொல்லவேண்டும். முதல் ஒத்திகையில் என் வாயில் வந்தது வீட்டில் பேசுகிற "ஓம்". மண்டபமே சிரித்தது. "பிள்ளை, இளவரசி ஓம் எண்டு சொல்லுவாளோ? பிட்டு வேணுமோ எண்டு கேட்டால்தான் ஓம். ஆம் எண்டு சொல்லும்!" என்றார் அண்ணாவியார்.

அன்றைக்குச் சப்பாத்துப் போடும் இடத்தில் நீங்கள் சொன்னீர்கள். "அந்திரேசுக்கு ஆம் சொல்லும். அருளப்புக்கு ஓம் காணும்."

நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். அண்ணையின் வான் வெளியே நின்றது. பிறகு நீங்கள் முறையாக ஆள்விட்டுப் பெண் கேட்டீர்கள். அண்ணை வீட்டுக்குள் வந்து ஒரே ஒரு வசனம் சொன்னார். "அவன்ர பகுதி எங்களுக்குச் சரிவராது." பாரிசில் இருந்துகொண்டு சாதி, பகுதி பார்க்கிறார்கள். தூ! கோயிலில் ஒரே அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து பகுதி பார்க்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென் தெனி மண்டபத்தில் ஒத்திகை. உங்களுக்கு நெருப்பாய்க் காய்ந்தது. "காய்ச்சல்தான், நாளைக்கு வேலைக்குப் போனால் வேர்த்து விட்டிடும்" என்றீர்கள். மூன்றாம் காட்சியில் முழங்காலில் நின்று கேட்டீர்கள், அப்படியே சரிந்தீர்கள். நல்லாய் நடிக்கிறீர்கள் என்று நினைத்துப் பின்பாட்டுக்காரர் திரும்பத் திரும்ப அந்த அடியையே பாடினார்கள். ஏற்பீரோ, ஏற்பீரோ என்று. பாட்டை நிறுத்துங்கோ என்று கத்தினது நான்தான்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணாவியாரின் காரில் போனேன். அண்ணை எனக்கு முன்னமே வந்து நின்றார், ஆரோ போன் பண்ணியிருக்கிறார்கள். அந்தச் செல் துண்டு கிடந்த இடத்திலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டதாம். கதவைத் திறந்துகொண்டு வந்த தாதி நேரே என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "வூ ஸெத் ஸ ஃபாம்?" அவருடைய மனைவியா நீங்கள்?

இத்தனை வருசம் காசுப்பெட்டியில் இருந்து பிரெஞ்சு பேசினவள் நான். ஆம் என்று சொல்ல ஒரு "உய்" வரவில்லை. "ஓம்" என்றேன். உங்களுக்கென்று என் சீவியத்திலேயே முதல்தரம் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்.

அவளுக்கு அது "ஓம்" இல்லை. அவர்கள் பாசையில் அது ஆம்பிளை. நான் ஏதோ பக்கத்தில் நிற்கிற ஆம்பிளையைக் காட்டுகிறேன் என்று நினைத்து அண்ணையிடம் திரும்பினாள். "மிசியே, நீங்களா குடும்பம்?" அண்ணை என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, "நோ. பெர்சோன்" என்றார். ஒருத்தரும் இல்லை என்று. கதவு சாத்திக்கொண்டது.

"அண்ணை, என்னை விடுங்கோ, நான் உள்ளுக்குப் போகவேணும்" என்று அழுதேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "விசரே உனக்கு? நீ அவனுக்கு ஆர்?"

அண்ணாவியார் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, தாதியைத் தேடிப் பிடித்து விளங்கப்படுத்தினார். அவள் உள்ளே போய்த் திரும்பிவந்து என் தோளில் கை வைத்தாள். அந்தக் கைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

உள்ளே நீங்கள் ஆரையாவது தேடினீர்களா? கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்களா? நான் ஓம் என்று சொன்னது உங்களுக்குக் கேட்டதா? அந்தத் தாதியிடம் கேட்கலாம், கேட்கப் பயமாக இருக்கிறது.

உங்கள் மரண அறிவித்தலைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். அன்பு மகன், பாசமிகு சகோதரன், மைத்துனன், மாமன், பெரியப்பா என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். அடக்கத்தன்று நான் கடையில் நின்றேன். அண்ணை கதவைப் பூட்டவில்லை. "சனம் கதைக்கும், நீ வராதை" என்று மட்டும் சொன்னார். பூட்டத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். ஆரோ ஒரு மனிசி கத்தரிக்காய் நல்லதோ என்று கேட்டா. நல்லது என்று நிறுத்துக் கொடுத்தேன்.

பாஸ்காப் பெருநாளுக்குப் பிறகு கூத்தை மேடையேற்றப்போகிறார்கள். அந்திரேசுவாக றுவாசி விமான நிலையத்தில் வேலை செய்கிற ஒருவர் ஆடுகிறார். கால் இரண்டும் நல்ல கால், நொண்டப் பழகுகிறார். கூத்தில் பிரபு மனம் திரும்பித் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கிறான், எல்லாரும் மங்களம் பாடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பிரபு முன்வரிசையில் இருப்பார், மேடைச் செலவுக்கு அவருடைய கடைதான் உதவி.

நேற்று வானில் வைத்தே அண்ணையிடம் சொல்லிவிட்டேன், மூன்றாம் காட்சியில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று, ஆருக்குச் சொல்லப்போகிறேன் என்று. அடுத்த சிவப்பு விளக்கில் வானை நிறுத்தினார். பிறகு, "அப்பிடிச் சொன்னால் என்ர வீட்டுப்படி மிதிக்காதை" என்றார். சரி என்றேன்.

எங்கே போவேன் என்று தெரியவில்லை. ஆனால் ஏற்பீரோ என்று கேட்டது நீங்கள்தான். பின்பாட்டு முடியும்வரை பொறுத்திருங்கோ. அத்தனை சனத்துக்கும் நடுவில், அண்ணையின் முகத்துக்கு நேரே, ஆம் இல்லை, ஓம் என்று சொல்லுவேன். இந்தமுறை ஒருவருக்கும் பிழையாய் விளங்காது.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி
றெஜினா