அப்பா கோட்டுக்குப் போனார்

பிட்ஸ்டன், பென்சில்வேனியா
12 பிப்ரவரி 1936

அன்புள்ள லுட்விக் அண்ணனுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். தங்கை பெலாகியா எழுதுவது. டெட்ராய்ட்டில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே சுரங்கம் வாரத்துக்கு மூன்று நாள்தான் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவில் மண்டபத்தில் பழைய ஆட்டக்காரர்களின் கூடைப்பந்து நடந்தது. அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். பச்சை ஸ்வெட்டரைத் தோய்த்துக் கொடுத்தேன். ஓட முடியவில்லை என்றாலும் உற்சாகமாகத்தான் இருந்தார்.

பாதி ஆட்டத்தில் மிஹால் மாமாவை எவனோ இடித்துத் தள்ளினான். நடுவர் ஊதியதும் அப்பா போய்ப் பந்தை வாங்கிக்கொண்டு கூடைக்கு எதிரே ஃபவுல் கோட்டில் நின்றார். அவர் காலத்தில் அணியில் யார் அடிபட்டாலும் அதற்கான ஃபவுல் பந்தைக் கூடையில் எறிவது ஒரே ஆள்தானே. பதின்மூன்று வருடம் சம்பளம் வாங்கி ஆடிய அந்த ஆள் அவர்தான். அடிபட்டவனே எறிய வேண்டும் என்று விதி மாறியதும் சுரங்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

மிஹால் மாமா தரையில் உட்கார்ந்தபடியே, “டேய் இக்னாசி, அடி வாங்கினது நான்டா. நீ எங்க போற?” என்றார். அப்பா திரும்பாமல், “நீ வாங்கிக்கிட்டே இரு. எறியறது என் வேலை” என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு கையாலும் கீழிருந்து எறிந்தார். இரண்டு எறிதலும் கூடையில் விழுந்தன.

பிறகு அவர் நகரவில்லை. ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பு மெல்ல அடங்கியது. மிஹால் மாமா எழுந்து போய், “கம்பி வலையெல்லாம் எடுத்து ரொம்ப நாளாச்சுடா. யாரும் எறிய மாட்டாங்க, வா” என்று கூட்டிவந்தார். என்னைப் பார்த்ததும் அப்பா, “மார்த்தா, லுட்விக் தூங்கிட்டானா?” என்று கேட்டார். அம்மா பெயரைச் சொல்லித்தான். தூங்கிவிட்டான் என்றேன். எழுந்து போய் அவர் கையை நான் முன்பே பிடித்திருக்கலாம். இத்தனை பேர் முன்னால் எழுந்திருக்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

யாரும் எறிய மாட்டார்கள் என்றது எதை என்று மிஹால் மாமாவிடம் அப்புறம் கேட்டேன். அந்தக் காலத்தில் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டியிருக்குமாம். வெளியூர் ஆட்டங்களில் சுரங்கத்து ஆட்கள் தொப்பி விளக்கில் ஆணியைக் காய்ச்சி, கோட்டில் நிற்பவர் மேல் கம்பி வழியாக எறிவார்களாம். இப்போது அப்பாவை நான்தான் குளிப்பாட்டுகிறேன். முழங்கைக்கு மேலே சின்னச் சின்ன வட்டத் தழும்புகள், பதினொன்று. கரித்தூள் பட்ட காயம் என்றுதான் நம்மிடம் சொல்லியிருக்கிறார். வீட்டை விட்டுப் போன அன்று நீ அவரிடம், “மத்தவன் வாங்கின அடியில பேர் வாங்கினவருதானே நீங்க” என்றாய். அதைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எனக்கும் தெரியாது.

டாக்டரிடம் காட்டினேன். இந்த மறதி இனி கூடத்தான் செய்யும் என்றார். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து முட்டைக்கோஸ் சூப் வைத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன். இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

நேற்று நான் ரொட்டி வாங்கப் போன நேரத்தில் அவர் அரைக்கால் சட்டையோடு பனியில் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். நாண்டிகோக் ஊர் ஆட்டத்துக்குப் போக அவருடைய பழைய அணி அங்கே வருமாம். தேடிப் போய், மூன்று ரயில் போகும் வரை கூடவே நின்று அழைத்துவந்தேன். இனி அவரைத் தனியாக விட முடியாது.

ஹாரிஸ்பர்க்கில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. நம் வீட்டில் முதலில் படித்தவள் என்று பங்குத்தந்தை பூசையில் பெயர் சொன்னார். மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும். வருகிறேன் என்று ஒன்று, வர இயலாது என்று ஒன்று, இரண்டு கடிதம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

உன் டெட்ராய்ட் பக்கமிருந்து வரும் ரயில் சனிக்கிழமைகளில் மாலை நாலு மணிக்கு வருகிறது. இந்தச் சனியும் அடுத்த சனியும் அப்பாவுக்குக் கோட்டுப் போட்டு நிலையத்துக்கு அழைத்துப் போவேன். அவருக்கு அங்கே நிற்கத்தான் பிடிக்கிறது.

தேவமாதா உன்னைக் காக்கட்டும். காலுறையைப் போட்டுக்கொள்.

உன் தங்கை,
பெலாகியா