பச்சைப் பக்கெட்டை அகற்றும் தீர்மானம்

நேற்று மாலை நம் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு கூடி, மொட்டை மாடிக் கதவருகே இருக்கும் பச்சைப் பக்கெட்டை அகற்றுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. விவாதம் நாற்பது நிமிடம் நடந்தது. 'பக்கெட்' என்பதற்கு முன்னால் 'பழைய' என்று சேர்க்க வேண்டும் என்ற திருத்தம் ஏற்கப்பட்டது. மயிலாப்பூரில் இதுவரை எந்தப் பிளாஸ்டிக் பாத்திரமும் இத்தனை மரியாதையோடு வெளியேற்றப்பட்டிருக்காது. செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் நான். அகற்றும் பொறுப்பும் செயலாளருடையதே.

கூட்டம் கலைந்ததும் மேலே போய்ப் பார்த்தேன். கைப்பிடி உடைந்த இடத்தில், முதல் மாடியில் குடியிருந்த நீங்கள் முறுக்கிக் கட்டிய கம்பி அப்படியே இருந்தது. குனிந்து முகர்ந்தேன். தூசி மட்டும்தான். ஆனாலும் அரிசி களைந்த தண்ணீரின் புளிப்பு வாசனை எங்கிருந்தோ வந்துவிட்டது.

நீங்கள் அந்தப் பக்கெட்டை மாடிக்குக் கொண்டுவந்தது, ஈக்காட்டுத்தாங்கலில் நீங்கள் வேலை பார்த்த பட்டறையை மூடிய வருடம். காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பியே பழகியவர் நீங்கள். பட்டறை போன பிறகும் அதே எட்டரைக்கு, அதே டிபன் பாக்ஸோடு கிளம்பினீர்கள். கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறினீர்கள், அவ்வளவுதான். பட்டறைக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்ன துண்டுக் குழாய்களை வைத்து மாடியில் ஒரு சட்டம் எழும்பியது. பக்கங்களில் வலை, மேலே பிளாஸ்டிக் ஷீட். யார் வீட்டில் கல்யாணம் என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார்.

"தக்காளிக்கு வீடு கட்றேன், செக்ரட்டரி. பன்னெண்டு ஃபிளாட்டு பதிமூணாச்சு. மீட்டிங் கீட்டிங் போட்றாதீங்க" என்றீர்கள்.

தீர்மானப் புத்தகத்தில் நான் அதைப் பசுமைக்குடில் என்று எழுதினேன். மற்றவர்களுக்கு அது கொட்டகை.

லாரித் தண்ணீருக்குத் தெருவெல்லாம் குடங்கள் வரிசை கட்டிய கோடையில் நீங்கள் செடி வளர்த்தீர்கள். அதற்கென்று ஒரு சொட்டு நல்ல தண்ணீரை எடுக்கவில்லை. அரிசி களைந்தது, காய்கறி கழுவியது எல்லாம் பச்சைப் பக்கெட்டுக்கு வரும். செடித் தொட்டியிலிருந்து கசிவது குழாய் வழியாக டிரம்முக்குப் போகும். டிரம்மிலிருந்து மறுபடி செடிக்கு. தோலும் சருகும் மட்கி உரமாகும். மாடியில் பூத்து வெள்ளிக்கிழமை தெருமுனைப் பிள்ளையாருக்குப் போன ரோஜா, சனிக்கிழமை வாடிய மாலையாகத் திரும்பி வந்து உரத்தொட்டியில் சேரும். அந்த மாடியிலிருந்து போய்த் திரும்பாதது தக்காளி மட்டும். அதுவும் காகிதத்தில் சுற்றி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

பன்னிரண்டு வீடுகளையும் இதற்கு எப்படி இணங்க வைத்தீர்கள் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அவர்கள் காலண்டரை எந்த ஆணியில் மாட்டுவது என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள்.

எனக்கு ஒரு கவலை இருந்தது. ஒரு மனிதரையும் ஒரு பக்கெட்டையும் நம்பியிருப்பது ஏற்பாடு ஆகாது. அதற்கு ஓர் அமைப்பு வேண்டும். நான் படித்த புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஏழு விதிகள் எழுதினேன். எந்த வீடு என்றைக்கு எதைத் தர வேண்டும், விளைச்சலைப் பன்னிரண்டாக எப்படிப் பிரிப்பது, தராதவர் பெயரை எங்கே ஒட்டுவது. ஆறாவது விதி, பயன்பாட்டில் இல்லாத எதையும் மாடியிலிருந்து பதினைந்து நாளில் அகற்றச் சொன்னது.

நீங்கள் படித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பித் தந்தீர்கள்.

"ரூல் எதுக்கு சார்? பக்கெட்டு கீது இல்ல?"

"நீங்க ஊர்ல இல்லாதப்ப?" என்றேன்.

நீங்கள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு செடிப் பக்கம் போனீர்கள். அதையே சம்மதமாகப் பதிவு செய்தேன்.

விதிகளை நிறைவேற்றிய கூட்டத்தில்தான் உங்கள் ரகசியம் வெளியானது. விளைச்சலைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று நான் வாசித்ததும் மூன்றாம் மாடி மாமி எழுந்தார்.

"சமமாவா? எங்காத்து அரிசி களைஞ்ச ஜலம்தான் அந்தச் செடிக்கு ஒத்துக்கறதுன்னு இவரே சொன்னாரே!"

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி நிமிர்ந்தார். "என்ன மாமி சொல்லுதீய? எங்க வீட்டு டீத்தூள்லதான் காய்க்குன்னுல்லா எங்கிட்ட சொன்னாரு!"

கதவருகே நின்ற வாட்ச்மேன் ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: "நான் கூட்டியாற சருகாலதான்னு எனக்கு சொல்லிக்கினு இருந்தாரு சார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். மறுநாளும் பக்கெட் நிறைந்தது. ஆகவே, எல்லாம் கெட்டது அந்தப் பொய்யால் அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் மாதப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். தராதவர்கள் மூவர். அதில் ஒருவன் நான். செயலாளரின் பெயர் இருப்பது சங்கத்துக்கு அழகல்ல என்று அடித்துவிட்டேன். இன்னொருவர் மாமி. கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"என் பேரைப் போர்டுல போட்டுட்டு ஜலமும் கேப்பேளா?" என்றார். அதோடு நிறுத்தினார். மாமி நிறுத்தியதும் இரண்டாம் மாடி நிறுத்தியது. கட்டாயம் என்றால் எங்களுக்கு வேண்டாம் என்று அண்ணாச்சி வீட்டில் டீத்தூளைத் தெருவில் கொட்டினார்கள். தந்தவர்கள் கையெழுத்துப் போட நான் வைத்த நோட்டு மட்டும் சுத்தமாக இருந்தது.

சில வாரம் உங்கள் வீட்டுத் துணி அலசிய தண்ணீரை மூன்று மாடி சுமந்தீர்கள். முழங்கால் வீங்கியது. பிறகு செடிகள் காய்ந்தன. யாரோ ஆறாவது விதியை நினைவூட்டினார்கள்.

"மழ வர்ற வரைக்கும் வுடுங்க செக்ரட்டரி" என்று கேட்டீர்கள். என்னிடம் நீங்கள் கேட்டது அது ஒன்றுதான். விதியில் மழை பற்றி எதுவும் இல்லை என்றேன்.

போல்ட்டுகளை நீங்களே கழற்றினீர்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கதவருகே இருந்த பக்கெட் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வாசலுக்கு வந்தீர்கள். படிக்கட்டில் கொஞ்சநேரம் நின்றீர்கள். மேலும் போகாமல் கீழும் போகாமல் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதை எந்தப் புத்தகத்திலும் பதிவு செய்யவில்லை.

பிறகு மகள் வீட்டுக்கு, கே.கே. நகருக்குப் போய்விட்டீர்கள். கடைசியாக நான் அங்கே வந்து பார்த்தபோது பால்கனியில் ஒரு மிளகாய்ச் செடி. தொட்டிக்கு அடியில் தட்டு. தட்டில் வடிந்ததை எடுத்துத் திரும்ப ஊற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "இதுக்கு எத்தினி ரூலு சார்?" கோபம் இல்லாமல் கேட்டீர்கள். அதனால்தான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த மாதம் நீங்கள் இல்லை என்று மகளிடமிருந்து போன் வந்தது.

அந்த மிளகாய்ச் செடியை மகள் எனக்குக் கொடுத்தார். என் பால்கனியில் இருக்கிறது, தட்டோடு. போன வாரம் மாமியைப் படிக்கட்டில் பார்த்தபோது, உங்காத்து ஜலம் இருந்தால் நன்றாகக் காய்க்கும் என்றேன். மாமி ஒரு படி இறங்கித் திரும்பினார்.

"அண்ணாச்சிகிட்டயும் இதையேதானே சொல்வேள்?"

"ஆமாம்" என்றேன்.

பச்சைப் பக்கெட்டைத் தீர்மானத்தின்படி நேற்று மாலையே மாடியிலிருந்து அகற்றி, என் வீட்டு வாசலில் வைத்தேன். இன்று காலை ஏழு மணிக்கு அதில் முக்கால் பக்கெட் அரிசி களைந்த தண்ணீர் இருந்தது. மேலே கொஞ்சம் டீத்தூள் மிதந்தது.