பெயர்க் கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று எங்கள் கணினி மையத்துக்குத் தட்டச்சு செய்ய வந்த பள்ளி விண்ணப்பத்தில் பிறந்த தேதிதான் முதலில் கண்ணில் பட்டது. விண்ணப்பித்த பெண்ணுக்கும் என் வயதுதான். பதினொன்றாம் வகுப்பில் சேருகிறாள். அது இருக்கட்டும், உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

கணினியில் ஒரு விண்டோவில் விண்ணப்பமும் இன்னொன்றில் இதற்கு முன் உனக்கு எழுதிய கடிதமும் திறந்திருந்தன. மாற்றி மாற்றிப் போனதில், கடிதத்தின் அடியில் போட வேண்டிய என் பெயரை விண்ணப்பத்தின் பெயர்க் கட்டத்தில் அடித்துவிட்டேன்.

மேற்பார்வை அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, நீயும் ஸ்கூல்ல சேர்ந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளியை விட்டபோது கொடுத்த சான்றிதழைக் கரையான் அரிக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு வை, அம்மா.

அக்கா போன பிறகு அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, அவள் பெயரை அடித்தேன்.